சிவப்பு மையில் ஒரு சைபர்

திருக்கழுக்குன்றம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மகள் கவியாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, குறைந்து போயிருப்பது மரியாதை மட்டும்தான். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கணும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் குழந்தை அழுகிறது, இல்லையென்றால் உனக்கு மீட்டிங் வருகிறது, அதுவும் இல்லையென்றால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறார். எழுத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. நம்ம தெரு ஜெயக்குமார் இந்த வாரம் டொராண்டோ வருகிறான், அவன் கையில் பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, குழந்தைக்கு வசம்பு, கூடவே இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

வேலையில் இருக்கும் வாத்தியார்களும் டெட் என்கிற தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகணும் என்று தீர்ப்பு வந்ததும், நான் கணக்கு அறிவியல் தாளுக்கு விண்ணப்பித்ததும் உனக்குத் தெரியும். மாமல்லபுரம் பக்கம் அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் வாய்ப்பாடு படித்த பிள்ளைகளில் இன்ஜினியர் இருக்கிறான், பேங்கில் உட்கார்ந்து ஊர்ப் பணத்தை எண்ணுகிறவள் இருக்கிறாள். எனக்குக் கணக்கு வருமா என்று இப்போதுதான் எல்லாருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது, வரட்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்தக் கூட்டத்தில் உன் அப்பா கடைசி ஆளாக நுழைந்துவிட்டார். எனக்கு முன்னால் பிறந்ததைத் தவிர அந்த மனுஷன் இதில் செய்த சாதனை ஒன்றும் கிடையாது. ஆனால் நடையைப் பார்க்கணும் நீ, மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கினவர் மாதிரி. நான் வெண்டைக்காய் நறுக்கும்போது கைடைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். தமிழ் வாத்தியாருக்கு ஒளிவிலகலைப் பற்றி என்ன தெரியும்? பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, தப்பு செல்வி என்கிறார். ஒருநாள் அவர் பார்த்ததே வேறு பாடத்தின் விடை, அதை வைத்து எனக்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். கூடுவாஞ்சேரி ஜோதிலட்சுமி அத்தை வேறு வந்திருந்தாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி. நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, இன்னா அண்ணி, இத்தினி வருசமா பாஸாவாமயே பாடம் நடத்திகினு இருந்தியா என்றாள். அவள் மகன் எட்டாவதில் தத்தளித்தபோது யார் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்து கிடந்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, உன் அப்பா முறைத்தார், விட்டுவிட்டேன்.

சனி ஞாயிறில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் கோச்சிங். வாசலில் பெரிய பேனர், அதில் கோட்டு போட்டுக் கைகட்டி நிற்கிறான் ஹரிஹரன், அவன்தான் நடத்துகிறவன். செங்கல்பட்டு வெயிலில் கோட்டு எவன் போடுவான், கம்ப்யூட்டரில் ஒட்டினது. டெட் பாஸ் பண்ணியும் வேலை கிடைக்காமல், அடுத்தவர்களைப் பாஸ் பண்ண வைக்கும் வேலையில் இருக்கிறான் பாவம். அவன் கணக்கு சொல்லித்தருவதில்லை, கணக்கைப் போடாமல் விடையைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தருகிறான். நாலு விடையையும் ஒவ்வொன்றாகக் கேள்விக்குள் போட்டுப் பாருங்கள், எது ஒட்டுகிறதோ அதை நிரப்புங்கள், முடிந்தது பாடம். நான் எழுந்து, எப்படி வந்தது என்று போர்டில் போட்டுக் காட்டலாமே என்றேன். மேடம், ஸ்டெப்புக்கெல்லாம் மார்க் கெடையாது, அதப் போட்டுகினு இருந்தீங்கன்னா பெல் அடிச்சிரும் என்றான். என் பக்கத்தில் உட்காரும் படாளத்துப் பெண் பிரதீபா களுக்கென்று சிரித்துவிட்டாள். உன்னைவிடச் சின்னவள். அவளுக்கு ஒரு வேலை வேணும், எனக்கு இருக்கிற வேலை நிற்கணும், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் குழந்தை மனசைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது, அதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவி தூங்குகிறாள், ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. கண்டிக்கணுமாம், பெற்றோரை அழைக்கணுமாம், குழுச் செயல்பாட்டில் சேர்க்கணுமாம், கலந்துரையாடி ஆர்வத்தைத் தூண்டணுமாம். என் எட்டாம் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். இருட்டோடு எழுந்து அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய், கூடையை இறக்கிவிட்டு, குளித்து, ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறாள். முதல் பீரியடில் அவளைத் தூங்க விடுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன், கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறாள். தூங்க விடு என்பது நாலு விடையிலும் இல்லை. சரியான விடை கலந்துரையாடல்தான் என்கிறான் ஹரிஹரன். இந்தக் கேள்வியை எழுதின மகான் ஒருநாள் அந்த மீன்கூடையைத் தூக்கிவிட்டு வந்து என்னோடு கலந்துரையாடட்டும். பரீட்சையில் அவன் சொன்னதையே நிரப்புவேன், வகுப்பில் அவள் தூங்கத்தான் போகிறாள்.

இனி அந்த சைபர். உன் அப்பா உனக்குச் சொன்னது பாதிக்கதை. மாதிரித் தேர்வு அன்று அரையாண்டுத் தாள்களைத் திருத்திவிட்டு அப்படியே பஸ் ஏறி ஓடினேன். பையில் இருந்தது சிவப்புப் பேனா. இத்தனை வருஷமாகப் பரீட்சை என்றால் என் கை தேடி எடுப்பது அதைத்தான், அன்றும் யோசிக்காமல் எடுத்தது. ஒரு விடை வட்டம்கூடக் கோட்டைத் தாண்டாமல் அவ்வளவு நேர்த்தியாக நிரப்பினேன். கருப்புப் பேனா மட்டும் என்று தாளின் தலையிலேயே எழுதியிருக்கிறது, குறிப்பை முதலில் படிங்கடா என்று பிள்ளைகளிடம் கத்துகிற நான் அதைப் படிக்கவில்லை. ஹரிஹரன் தாளையெல்லாம் செல்போனில் படம் பிடித்துத்தான் திருத்துகிறான், அந்தப் போனுக்குச் சிவப்பு கண்ணில் படவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் போட்டான், எல்லாருக்கும் அடியில் தமிழ்ச்செல்வி, சைபர். கையால் எண்ணிப் பார்த்தால் அந்த பேட்சில் நான் இரண்டாவது. அதைப் போடுடா என்றேன், மிசினு சொல்றதுதான் மேடம் கணக்கு என்றான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிவப்பில் சைபர் போட்டவள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரை அழுதேன்.

அதைவிட வலித்தது நீதான் கவியா. போனை ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பா சைபர் என்று சொன்னதும் நீ ஒரு மூச்சு விட்டாய். பெற்றவளுக்குத் தெரியாதா, அது வருத்தம் இல்லை, நிம்மதி. உடனே, அப்ப வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, இந்த வயசுல எதுக்கு இந்த அவமானம், இங்க குழந்தையப் பாத்துக்க ஆளே கிடைக்கல என்றாய். அவமானம் என்னுடையது, ஆள் கிடைக்காதது உன்னுடையது, இரண்டையும் எவ்வளவு சாமர்த்தியமாக ஒன்றாகக் கட்டிவிட்டாய். ஹரிஹரனுக்கு நான் பட்டியலில் கடைசிப் பெயர், உன் அத்தைக்குப் பொழுதுபோக்கு, உனக்குச் சம்பளம் இல்லாத ஆயா. பேரனைத் தூக்கணும் என்று எனக்கு மட்டும் இல்லையா? அவன் போன் திரையில் கையை வைத்துத் தட்டினால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலை ஓடுவதில்லை. கோடை லீவில் வருவேன், லீவு முடிந்ததும் திரும்புவேன், வேலையில் இருக்கிறவளாக வந்து வேலையில் இருக்கிறவளாகத் திரும்புவேன். ஒருவேளை தோற்றால் அப்போதும் வருவேன், வேறு எங்கே போவேன், அப்போது நீ சொல்லுகிறபடி கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஆனால் நான் தோற்கணும் என்று மட்டும் மனசின் மூலையில்கூட நினைத்துவிடாதே அம்மா. அதை என்னால் தாங்க முடியாது.

குழந்தைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, குளிர் என்று சாக்கு சொல்லாதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், அவர் நல்ல மனுஷன், வருத்தப்படுவார். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், பெயரும் நிறைவுமாக நூறு வருஷம் இருக்கணும், வேதகிரீஸ்வரர் துணை இருப்பார்.

இதை முழுக்கக் கருப்புப் பேனாவில் எழுதியிருக்கிறேன், கை பழகட்டும் என்றுதான். பரீட்சை வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை, அங்கே உனக்குச் சனிக்கிழமை ராத்திரி. வாழ்த்தெல்லாம் அனுப்பாதே, அதை உன் அத்தைகூட அனுப்புவாள். நான் வாசல்படி இறங்கும் நேரத்துக்கு, அம்மா கருப்புப் பேனா எடுத்துக்கினியா என்று ஒரே ஒரு வரி அனுப்பு. அது வந்தால் நீ யார் பக்கம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெ. தமிழ்ச்செல்வி,
கணக்கு டீச்சர்.