கரண்ட் போனால் தண்ணீர்

11-3-97, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சோமனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் குடிநீர்த் திட்டத்துக்கு வெள்ளோட்டம். மோட்டார் ஓடியது, தொட்டி நிரம்பியது, எல்லாக் குழாயிலும் கொட்டியது. நான் வரைந்த வரைபடம்! செயற்பொறியாளர் சார் என்னைப் பார்த்து, "சக்சஸ் அம்மணி!" காண்ட்ராக்டர் லட்டு கொடுத்தார். இரண்டு தின்றேன்.

பிறகு கடைசித் தெரு. குழாய் பாட்டுக்குக் கொட்டிச் சாக்கடைக்குப் போகிறது. ஒரு குடம்கூட இல்லை. இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

12-3, புதன்

தறிக்கூடத்துக்குள் போனேன். சரஸ்வதி என்று ஒருத்தி, நான்கு தறி பார்க்கிறாள். காதில் கத்திக் கேட்டேன்.

"தண்ணி வந்துச்சுங்களா? தெரியலீங்களே! கரண்டு இருக்கறப்ப தறிய உட்டுப்போட்டு எப்படீங்க வாரது? கரண்டு நின்னாத்தானுங்க ஊட்டுக்கே போவோம்."

எங்கள் ஏற்பாடு: கரண்ட் இருந்தால் மோட்டார், மோட்டார் ஓடினால் குழாய். ஊரே தறி ஓட்டுகிறது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். யோசித்தவர் யாருமில்லை, நான் உட்பட. அவள் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிணற்றடியில் தண்ணீருக்கு நிற்கிறாளாம். "இனிமே அனுப்பிரலாமுங்களா?" தலையாட்டிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில்?

13-3, வியாழன்

சாரிடம் சொன்னேன்: கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு, கரண்ட் போனதும் குழாயில் விடலாம்.

"நாளைக்குக் கலெக்டர் வாராரு. அவர் திருகுனா கொட்டோணும். அதுதாம்மா சக்சஸ். மத்ததெல்லாம் அப்புறம்."

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. கல்வெட்டில் அவர் பெயர் வரப்போகும் ஒரே வேலை இது. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வாங்க வேண்டியவை: ரிப்பன், கத்தரிக்கோல், தலைவலி மாத்திரை.

14-3, வெள்ளி

திறப்பு விழா. கலெக்டருக்கு மரியாதை என்று முதலாளிகள் தறிகளை நிறுத்திவிட்டார்கள்! ஊரே அமைதி. பெண்கள் நல்ல சேலையில், குடத்தோடு. தண்ணீர் கொட்டியது, கைதட்டல். எல்லோருக்கும் வெற்றி.

சரஸ்வதி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "திங்கக்கெழமையிலிருந்து புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போடறேனுங்க."

திங்கட்கிழமை தறி ஓடுமே!

வால்வு பார்க்கும் பஷீர் பாயிடம் போய், இனிமேல் கரண்ட் போனதும் வால்வைத் திறக்கச் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க. ஆனா எழுதிக் குடுத்துருங்க." எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. நகலைச் சாரிடம் நீட்டினேன். முழுதும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எடுத்துட்டுப் போங்க."

நல்ல மனிதர்.

17-3, திங்கள்

உச்சி வெயில், பள்ளிக்கூட நேரம். கரண்ட் போனது. தறிகள் ஒரேயடியாக ஓய்ந்தன. பாய் வால்வைத் திருகினார்.

கடைசித் தெருவில் தள்ளுமுள்ளு. "ஏனுங்கக்கா, நாந்தானுங்க முதல்ல வந்தேன்!" சண்டையிலும் மரியாதை. வரிசையில் சரஸ்வதி, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று. அவளுக்கு முன்னும் பின்னும் தேடினேன்.

மகளைக் காணோம்.