பாதியில் நின்ற வயலின்

டெட்ராய்ட்
பிப்ரவரி 1973

அன்பு மகள் ஒடெஸாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, வீட்டுக்குத்தான் சுகமில்லை. ஆப்பிரிக்காவில், அந்த அக்ராவில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், இங்கே பனியை வாரிக் கொட்டியே என் இடுப்பு போயிற்று.

உன் தம்பி லூஷியஸின் இசைத்தட்டு வந்துவிட்டது. வயலின்காரன் தலைமையில் ஜாஸ் இசையா என்று ஃபவுண்டரியில் என்னைக் கிண்டல் செய்தவர்களே ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள், நான்தான் சந்தோஷப்பட முடியாமல் முழிக்கிறேன். கடவுளுக்காக வாசிப்பது, அதனால் நம் சர்ச்சில் சபையாரை உட்காரவைத்துத்தான் பதிவு செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஊழியத்துக்குப் போவது போலவே வெள்ளைச் சீருடை, கையுறை, விசிறியோடு கிளம்பினாள். ஆராதனை இல்லையடி, பதிவுதான் என்றேன். "சர்ச்சுக்குள்ள நான் வேற எப்படி வர்றதாம், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். கடைசிப் பாட்டில் அவன் கண்ணை மூடி வாசித்தான். அவன் உடம்பு உதறுகிறது, கண்ணீர் ஓடுகிறது. பரிசுத்த ஆவி இறங்கியவர்களைத் தாங்கிப் பிடித்து, விழுந்து உடைத்துக்கொள்ளாமல் அவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வது இத்தனை வருஷமாய் உன் அம்மா வேலை இல்லையா, ஓடிப்போய், "போதும் கண்ணு, குடுத்துடு, அம்மா வச்சுக்கறேன்" என்று வயலினைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விசிறத் தொடங்கிவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா, வாசிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான். திரும்ப வாசித்துப் பார்த்தான், வரவில்லை.

அன்றிலிருந்து அவன் நண்பன் வீட்டில் இருக்கிறான். அவள் சீருடையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள், சர்ச் பக்கமே போவதில்லை. போதகர் ஆள் அனுப்பியதற்கு, "பெத்த பிள்ளைக்கு என்ன வந்திருக்குன்னே தெரியாதவ, அடுத்தவங்களை என்னத்தைத் தாங்கிப் பிடிக்கப் போறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவனைக் கேட்டால், "கோபமெல்லாம் இல்லப்பா" என்கிறான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதில்லை. இவளோ அவன் பங்கு சோளரொட்டியை எடுத்து வைத்திருந்து, திங்கள் காலை என் சாப்பாட்டு டப்பாவில் போடுகிறாள். அதைத் தின்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும், சொல்.

நேற்று அவள் கடைக்குப் போன நேரத்தில் தட்டைப் போட்டுக் கேட்டேன். அந்தப் பாட்டை அப்படியே விட்டிருக்கிறான் ஒடெஸா. வயலின் ஏறி ஏறிப் போகிறது, நடுவில் உன் அம்மா குரல், அதோடு முடிகிறது. பாசத்தில் விட்டானா, வஞ்சத்தில் விட்டானா, எனக்குப் புரியவில்லை. அவனிடம் கேட்கப் பயம், அவளுக்குப் போட்டுக் காட்டவும் பயம். தட்டை என் வேலைக் கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், ஆனால் பக்கத்து வீட்டிலும் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், நடுச்சுவரோ மெல்லிசு.

நீ கேட்டால் அவன் உண்மையைச் சொல்வான், உடனே எழுது. அம்மாவுக்கு எழுதும்போது மூச்சு விடாதே. கொசுவலை இல்லாமல் படுக்காதே. ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் பதில் வரும்வரை வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
கிளியோஃபஸ்