செங்கால்மடுவில் புதைத்த சக்கரங்களை வெளியே எடுக்க விடுத்த ஓலை

நலமே நிறைக. நீலவரை நாட்டின் ஏழு கூற்றங்களையும் ஆளும் மன்னர் ஆழிவேளாரின் ஆணைக்கு உட்பட்டு, கொடிமாடத்தூர்ப் பேரவையில் மனைநெறி அதிகாரியாக இருக்கும் ஓரிச்சாத்தன், மேலைக்கூற்றத்து மனையளவர் காரி தேற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உமது ஏரிகள் நிறைக. அவற்றின் கரைகள் நிலைக்க. உமது பொறுப்பில் உள்ள குடிகளில் ஒருவரும் குறையாதிருக்க. இந்தக் கடைசி வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை. ஏன் எழுதினேன் என்பது கீழே தெரியும்.

என் பெயருக்கு முன் 'மனைநெறிச் செம்மல்' என்ற பட்டம் இல்லாதது எழுத்தரின் மறதி அன்று. அதை மன்னர் திருமுன் திருப்பி வைத்துவிட்டேன். இனி எந்த ஓலையிலும் என்னை அப்படி அழைக்க வேண்டாம்.

உமது ஓலை வந்தது. செங்கால்மடு ஏரியின் கரையடியில் நிற்கும் உருள்மனைகள் நாற்பத்து மூன்றையும், நான் கூவைப்பேரேரியில் காட்டிய முறைப்படியே அச்சுவரை மண்ணில் இறக்கி, சுண்ணாம்பும் செங்கல்தூளும் இட்டு இடித்து இறுக்கி, நிலைப்படியில் முத்திரை குத்திவிட்டதாக எழுதியிருந்தீர். ஒருவன் மட்டும் முத்திரை குத்திய பின்னர் தன் வீட்டின் சக்கரத்தைத் தோண்டினான் என்றும், ஊணன் என்னும் அவனைச் சிறையில் இட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர். இவ்வளவு விரைவாக முடித்ததற்குப் பேரவையின் பாராட்டு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர். அந்த ஓலை என் கைக்கு வந்தபோது நான் கூவைப்பேரேரியின் சேற்றில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தேன். உடைந்த கரை வழியாக ஏரி வடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

இவ்வோலை பலர் கேட்கப் படிக்கப்படும் ஆதலால் நீர் அறிந்ததையும் சொல்கிறேன். உருளைக்குடியினர் ஏரிக்கரை செப்பனிடுவோர். ஓர் ஏரியில் வேலை முடிந்ததும் அடுத்த ஏரிக்குப் போவார்கள். வீட்டையும் உடன் கொண்டு போவார்கள். நான்கு சக்கரத்தின் மேல் ஒரே அறை. அகலம் ஐந்து முழம், நீளம் ஒன்பது முழம், மூங்கில் சுவர், மேலே ஓலைக்கூரை, உள்ளே மூடியோடு கூடிய மண்ணடுப்பு. நான்கு எருது பூட்டினால் நகரும். அமாவாசை தோறும், போக வேண்டிய இடம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வீட்டையும் ஒரு சக்கரச் சுற்று நகர்த்தி வைப்பார்கள். அச்சு இறுகாமலும் கறையான் ஏறாமலும் இருப்பதற்கு அது வழி. நான் அதை அளந்த எல்லையை மீறும் களவு என்று எழுதி, தடை செய்தேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் மண்சுவர் வீடுகள் இடிந்து பலர் மாண்டனர். அதன் பிறகு மனைநெறியை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. வீடு எனப்படுவது இரண்டு முழ ஆழத்துக்குக் குறையாத அடித்தளம் உடையது என்றும், முத்திரை இல்லாத வீட்டார் ஏரியில் தண்ணீர் எடுக்கவும் குடிப்பதிவில் பெயர் எழுதவும் உரிமை அற்றவர் என்றும் எழுதினேன். நான் கடிகைப் படிப்பைப் பாதியில் விட்டவன். கோட்டை வாயிலில் இரவுக்காவலில் வருவோர் போவோர் பெயரை எழுதிக்கொண்டிருந்து மேலே வந்தவன். படித்து முடிக்காதவனின் நெறி என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு விலக்கும் நுழைய முடியாதபடி ஒவ்வொரு வரியையும் இறுக்கினேன். சக்கரத்தின் மேல் மனிதர் வாழ்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததன்று. கோட்டை வாயிலில் அவர்களின் வண்டிகளை நானே எண்ணி உள்ளே விட்டிருக்கிறேன். எழுதும்போது நினைக்கவில்லை.

சென்ற சித்திரையில் கூவைப்பேரேரி உருளைக்குடியினர் ஒன்பது வீட்டார் என்னிடம் வந்தார்கள். தாங்கள் செப்பனிடும் ஏரியிலேயே தங்களுக்குத் தண்ணீர் மறுக்கப்படுகிறது என்றார்கள். அவர்களுக்காகப் பேசியவள் வெண்ணாச்சி. உடன் நின்றவன் அவள் கணவன் மண்டன். நெறியை மாற்ற வேண்டுமானால் பேரவை கூட வேண்டும். அங்கே என் எழுத்தில் பிழை இருப்பதாக நானே சொல்ல வேண்டும். அதற்கு மனம் வராமல் ஒரு வழி கண்டேன். சக்கரங்களை அச்சுவரை புதைத்து இடித்துவிட்டால், புதைந்த பகுதியே அடித்தளம் ஆகும்; எழுத்துக்கும் பழுது இல்லை, அவர்களுக்கும் தண்ணீர் கிடைக்கும். அதைக் கருணை என்றே நான் எண்ணினேன். பேரவையும் அப்படியே எண்ணியது. பட்டம் அதற்காகத்தான் வந்தது.

குழி வெட்டிய அன்று பேசப்பட்டதைப் பேசியபடியே எழுதுகிறேன். ஓலையில் பேச்சைத் திருத்தி எழுதுவது நம் வழக்கம். இங்கே திருத்தினால் அதுவும் ஒரு பொய்யாகும். கோலை வைத்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மண்டன் சொன்னான்: "நல்லவேளை ஐயா, எருதையும் சேத்துப் பொதைக்கச் சொல்லல. அதுங்களுக்கு மட்டும் எதுக்குக் கால்னு கேட்டுருவீங்களோன்னு பயந்துட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெண்ணாச்சி சிரிக்கவில்லை. "மழ வந்தா என்ன பண்றது? கொம்பு ஊதுனா நாங்க அரிசி வேகறதுக்குள்ள மேட்டுல நிப்போம். இப்ப எப்படிப் போறது?" என்று கேட்டாள். கரை அரச அளவின்படி கட்டப்பட்டது, உடையாது என்றேன். "அந்தக் கரையக் கட்டுனதே நாங்கதானுங்க" என்றாள். பதிவோலையில் 'குடிகள் மனமுவந்து இசைந்தனர்' என்று எழுதச் சொன்னேன். அந்த ஓலை இப்போதும் ஆவணக் கொட்டிலில் இருக்கிறது.

ஆவணிக் கடைசியில் பருவம் தவறி மூன்று நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் நண்பகலில் மதகை ஒட்டிக் கரையில் நீர் கசிந்தது. காவலன் கொம்பு ஊதினான். எருதுகளைப் பூட்டினார்கள். ஒரு வீடும் அசையவில்லை. சக்கரங்களைச் சுற்றி நான் இடிக்கச் சொன்ன சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. கடப்பாரையும் கையுமாகத் தோண்டினார்கள். நான்கு வீடுகள் மேலேறின. நான்கு வீட்டார் வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பதாவது மண்டனின் வீடு. மூன்று சக்கரத்தை விடுவித்துவிட்டான். நான்காவதற்காகக் குழிக்குள் இறங்கியபோது கரை உடைந்தது; நீரின் வேகத்தில் வீடு அவன் பக்கமாகச் சாய்ந்தது. அவனை மறுநாள் வெளியே எடுத்தார்கள். நிலைப்படியில் முத்திரை அழியாமல் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

விசாரணைக்குப் போன என்னிடம் வெண்ணாச்சி அழவில்லை, ஏசவும் இல்லை. "உங்க கோலால அளந்து குழி வெட்டுனீங்க. அந்தக் குழியிலதான் அவரு கெடந்தாரு. இப்ப அந்த வீட்டுக்கு முத்திரை செல்லுமா செல்லாதா? பாத்துச் சொல்லுங்க, எனக்குத் தண்ணி எடுக்கணும்" என்றாள். அப்போது அவளே மேலும் சொன்னாள்: "எங்க சின்னம்மா மவன் ஊணன் செங்கால்மடுவுல இருக்கான். அங்கயும் பொதச்சிட்டாங்களாமே. அவனாச்சும் தோண்டிப் போட்டிருப்பான், சொன்ன பேச்சுக் கேக்காத பய." உமது ஓலை அன்று காலையில்தான் என்னை வந்து அடைந்திருந்தது. அவன் சிறையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைநகர் திரும்பிய பின் இரண்டு நாள் நான் வேறு ஓர் ஓலையை எழுதி வைத்திருந்தேன். மதகுக் காவலன் பிந்திக் கொம்பு ஊதினான் என்றும், உருளைக்குடியினர் கரை மண்ணைச் சரியாக இடித்து இறுக்கவில்லை என்றும் அதில் இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன், படித்தவர் நம்பியிருப்பர். அதைக் கிழித்த பின்னரே மன்னரைக் காணச் சென்றேன். நெறியில் பிழையா, அதை நிறைவேற்றியதில் பிழையா என்று மன்னர் வினவினார். நெறியை எழுதியவனும் நான், அதை வளைத்து நிறைவேற்றியவனும் நான், ஆதலால் பிழை எங்கே என்று தேட வேண்டியதில்லை என்று விண்ணப்பித்தேன். அதற்கு மன்னர், செங்கால்மடுவில் இன்னும் நாற்பத்து மூன்று வீடுகள் இருக்கும்போது உனக்குத் தண்டனை தருவதில் நேரத்தைச் செலவிட மாட்டேன், முதலில் அவற்றை எடு, பிறகு வா என்று அருளினார். அவ்வாறே செல்வேன்.

தேற்றனாரே, நீர் செய்தது நான் செய்ததன் படியெடுப்பு. உம்மீது குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஐப்பசி பிறக்க இருபது நாள்கூட இல்லை. உமது ஏரி கூவைப்பேரேரியைவிட ஆழமானது. நாள் ஏற ஏறச் சுண்ணாம்பு இறுகும். ஆதலால் மன்னரின் பெயரால் ஆணையிடுகிறேன்.

இவ்வோலை கிடைத்த நாழிகையிலேயே ஊணனை விடுவிக்க வேண்டும். அவன் செய்தது குற்றமன்று. நாற்பத்து மூன்று வீட்டாருக்கும் நாம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒருவனாகத் தொடங்கினான். சிறைக்கதவு திறக்கும்போது மண்டன் இறந்த செய்தியை நீரே அவனிடம் சொல்ல வேண்டும். காவலரைக் கொண்டு சொல்விக்காதீர். சக்கரங்களை எடுக்கும் வேலை அவன் சொல்படி நடக்கட்டும். எந்த வீடு முதலில், எந்தச் சக்கரம் கடைசியில் என்பதை நீரோ நானோ அறியோம். இடித்த இடத்தை முந்தின நாளே நீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும் என்றும், வீட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் எவரும் குழியில் இறங்கக் கூடாது என்றும் கூவைப்பேரேரியார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், இதை மறவாதீர். உமது அளவர்கள் பன்னிருவரும் கோலை வைத்துவிட்டுக் கடப்பாரை எடுக்க வேண்டும். உளுத்த அச்சுகளுக்குப் பதிலாக அரண்மனை மரக்கொட்டிலிலிருந்து கருவேல மரம் வண்டியில் வருகிறது.

சக்கரமுள்ள வீட்டுக்கு அடித்தளம் கேட்கும் வரிகள் இன்றுமுதல் நீக்கப்பட்டன. தண்ணீருக்கும் குடிப்பதிவுக்கும் இனி அங்கே முத்திரை தேவையில்லை. ஆயினும் அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்புக்கு மூடியின்றி எரிந்த வீடுகளும், கூரைக்கட்டு அறுந்து சரிந்த வீடுகளும் உண்டு என்று வெண்ணாச்சியே சொன்னாள். அச்சின் பருமன், கூரைக் கட்டு, அடுப்பு மூடி, சரிவில் சக்கரத்தின் கீழ் வைக்கும் கட்டை ஆகியவற்றுக்கு அளவு வேண்டும். அந்த அளவை அவர்கள் சொல்ல, பேரவை எழுத்தர் எழுதுவார். நான் எழுத மாட்டேன். இப்போதைக்கு ஒரே சோதனை போதும்: அமாவாசையன்று நாற்பது அடி தூரம் உருண்டால் அது நல்ல வீடு. உருளாத வீட்டைச் செப்பனிட்டுத் தருவது அரசின் கடன்.

கடைசியாக ஒன்று. முதல் கடப்பாரை மண்ணில் இறங்குவதற்கு முன், செங்கால்மடுவில் உள்ள உருளைக்குடியினர் எல்லாரையும் கூட்டி, இவ்வோலையை முதலிலிருந்து முடிவுவரை உரக்கப் படிக்க வேண்டும். நான் கிழித்த ஓலையைப் பற்றிய இடத்தைத் தாண்டிச் செல்லாதீர். என் பெயர் வரும் இடங்களில் குரலைத் தாழ்த்தாதீர். அவர்கள் ஏதேனும் சொன்னால், சொன்னபடியே எழுதி அனுப்புக, திருத்த வேண்டாம். படித்து முடித்ததும் நேரம் கடத்தாமல் தோண்டத் தொடங்குக.

மன்னர் ஆழிவேளாரின் மீன்கொடி முத்திரை ஓலைக்கட்டின் முடிச்சில் இடப்பட்டது. அதன் கீழ் என் முத்திரை இல்லை. கூவைப்பேரேரியில் நிலைப்படிகளில் குத்திய அச்சு அதுவே ஆதலால், அதை உடைத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் இடுகிறேன். புரட்டாசித் திங்கள் பன்னிரண்டாம் நாள், ஓரிச்சாத்தன் எழுத்து. செங்கால்மடுவில் கடைசிச் சக்கரம் மேலேறிய நாளை எனக்கு எழுதுக. அந்த ஓலை வந்த பின்னரே நான் மன்னர் முன் செல்ல வேண்டும்.