ஊறப்போடாதீங்கம்மா

ஞாயிறு மதியம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? வீம்புக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டார், ஆனாலும் சொல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. போனில் பேசினால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். என் கையெழுத்து இன்னும் என் சொல்பேச்சுக் கேட்கிறது.

கொஞ்ச காலமாகவே எனக்குச் சாப்பாடு தொண்டையில் நின்று நின்றுதான் இறங்குகிறது. வயசானால் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தண்ணீர்கூட ஒரு நாள் போகிற வழியில் யோசித்தது. தொண்டை டாக்டரிடம் போனேன். என் மகனைவிடச் சின்னவர், நல்ல பையன், ஆனால் கோட்டில் ஒரு பித்தான் இல்லை. விளக்கை அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, "வாயில எச்சில் ஊறுதாம்மா?" என்று கேட்டார். ஊறுகிறது என்று முழு வினைமுற்றாகவே பதில் சொன்னேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் பிழிவதாக நினைத்துப் பாருங்கள் என்றார். நினைத்தேன். விதைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. வாய் மட்டும் காய்ந்த பலகை மாதிரி அப்படியே கிடந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். தேநீரும் ரஸ்க்கும் என்றேன். அவர் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டே, "சரி, இதை ஊறப்போடாதீங்கம்மா" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்பது பல் விழுந்தவர்களின் வேலை என்று நம் கான்வென்ட் விடுதியில் மதர் சொல்லுவாரே, அதை ஒரு டாக்டரே சொல்லிவிட்டார் என்று தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். ரொட்டியை முக்கி மதரிடம் விரலில் அடி வாங்கியவள் நீ. இந்த இடத்தில் சிரித்துக்கொள்.

மறுநாள் காலை ரஸ்க்கை உலர்ந்தபடியே கடித்தேன். இரண்டாவது வாய் உள்ளே போனது, நின்றது. இருமல் வரவில்லை. மூச்சும் வரவில்லை. கத்த வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் கத்துவதற்கும் மூச்சுத்தானே வேண்டும்? அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கீழ் வீட்டில் தையல்காரர் புதிதாக வாங்கிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினேன். மெஷின் ஓடியது. மறுபடி தட்டினேன். சன்னல் வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போது அவருக்கு நூல் அறுந்ததாம். கோர்ப்பதற்காக மெஷினை நிறுத்தியபோது மேலே டம்ளர் சத்தம் கேட்டிருக்கிறது.

நூல் அறுந்ததால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் நல்ல நூலாக வாங்கியிருந்தால் என்று நினைக்காமல் ஒரு வேளைகூடச் சாப்பிட முடியவில்லை.

நல்லவேளை, அன்றைக்கு வாசல் தாழ் போடாமல் இருந்தது; அவர் மனைவிதான் முதலில் ஓடி வந்தாள். முதுகில் அவள் வைத்த அடியில் ரஸ்க் மேசை விரிப்பின் மேல் வந்து விழுந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நான் நாற்காலியில் கிடந்ததைப் பார்க்க வேண்டாம் என்று அந்த மனிதர், கழுத்தில் அளவு நாடாவோடு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அவளுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "ஏம்மா, இத்தனை இங்கிலீஷ் படிச்சிருக்கீங்க, ஒரு ரஸ்க்கை நனைச்சுத் திங்கத் தெரியாதா?" என்று கேட்டாள். டாக்டர் கூடாது என்றார் என்று சொன்னேன். "அப்ப டாக்டர மாத்துங்க" என்றாள்.

நேராக டாக்டரிடம் போய், நீங்கள் சொன்னதைக் கேட்டுச் சாக இருந்தேன் என்று சண்டை பிடித்தேன். அவர் விழித்தார். பிறகு புரிந்து சிரித்தார். "ஐயோ அம்மா, நான் ரஸ்க்கைச் சொல்லலம்மா! தொண்டைக் கோளாறை ஊறப்போடாதீங்க, நாள் கடத்தாதீங்கன்னு சொன்னேன்" என்றார். அந்தப் பொருள் எனக்குத் தெரியாதா? ரஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது "இதை" என்றால் எதை? ஆறப்போடாதீர்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். "அப்படிச் சொல்லியிருந்தா, டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிச்சுத் தொண்டையப் பொசுக்கிட்டு வந்திருப்பீங்க" என்றார். வாயாடி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படி உட்காருவது எனக்குப் பிடிக்காது. உன் அத்தானுடைய டாக்டரும் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்தார்.

குழாய் விட்டுப் பார்த்து, சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார். அந்த வியாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருமே நன்றாக வளர்க்கப்பட்டவர்கள்.

அதுவரை எல்லாவற்றையும் ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். நனைப்பதும் தோய்ப்பதும் போதாது. நனைத்தால் மேலே மட்டும் ஈரம், உள்ளே பழைய திமிர் அப்படியே இருக்கும். ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ரஸ்க்கைப் பாலில் போட்டால் முதலில் மிதக்கிறது. ஓரத்தில் குமிழி விடுகிறது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கனத்துப் போகிறது. கரண்டியால் தொட்டால் உருவம் என்று ஒன்று இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கடிதத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று பழகிவிட்டோம். இருக்கட்டும்.

நம் மொழியை யோசித்துப் பார். கிணற்றில் நீர் உள்ளேயிருந்து வருகிறது, அதுவும் ஊறுவதுதான். பயற்றுக்குள் நீர் வெளியேயிருந்து போகிறது, அதுவும் ஊறுவதுதான். வருவதற்கும் போவதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ. எனக்கு இப்போது உள்ளே ஊறுவது நின்றுவிட்டது, அதனால் வெளியே ஊறவைக்கிறேன். நேற்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஊறு என்றால் தீங்கு என்றும் போட்டிருக்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

சாப்பிட உட்காருமுன் வாசல் தாழ்ப்பாளை நீக்கி வைக்கிறேன், யாராவது வர வேண்டியிருந்தால் வரட்டும் என்று. உட்கார்ந்த பிறகு திருடன் பயம் வருகிறது. எழுந்து போய்த் தாழ் போடுகிறேன். பிறகு மறுபடி நீக்குகிறேன். கீழே மெஷின் ஓடினால் ஆள் இருக்கிறது, ஆனால் நான் தட்டுவது கேட்காது. ஓடாவிட்டால் கேட்கும், ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று தெரியாது. இதற்குள் பால் ஆடை கட்டிவிடுகிறது. பல நேரம் சாப்பிடாமலே கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடுகிறேன். பரிசோதனைக்கு நாள் குறிக்கப் போனபோது டாக்டர் என்னை நிறுத்துப் பார்த்து, மெலிந்துவிட்டீர்கள் என்று முகம் சுளித்தார்.

என் மகனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவன் பயப்படுவான். அவன் பயந்தால் நான் அவனைத் தேற்ற வேண்டும். எனக்கு இப்போது அதற்குத் தெம்பில்லை. உன்னிடம் ஒரு வசதி, நீ பயப்பட மாட்டாய், திட்டுவாய்.

பரிசோதனை வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் காலை. மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டுமாம். யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாரும் இல்லை, நானே வந்து நானே போய்க்கொள்வேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் தங்கை" என்று வந்துவிட்டது. அவளும் எழுதிக்கொண்டாள். உன்னைக் கேட்காமல் சொன்னது தவறுதான். உன் வீட்டுக்காரரை விட்டு வர முடியாது என்றால் தயங்காமல் எழுது, நான் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வேன். என்ன ஏற்பாடு என்று கேட்காதே.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். முன் அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, உன் முதுகுக்கு ஏற்ற மாதிரி கெட்டித் தலையணை போட்டிருக்கிறேன். முடிந்தால் புதன்கிழமைக்குக் காத்திராமல் முன்னாலேயே வந்துவிடு. வரும்போது எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வழியில் எதையும் வாங்கித் தின்னாமல் வா, இங்கே சேர்ந்து சாப்பிடலாம்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருக்க வேண்டும்.

நான் இப்போது ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறேன். உனக்குப் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும். நீ முடித்துவிட்டாலும், நான் முடிக்கும்வரை எழுந்து போய்விடாதே.

உன்
அக்கா