வாசலில் பதினான்கு மணி நேரம்

செப்டம்பர் 19
நவம்பரில் மிர்லான் அண்ணனின் குழுவைக் கலைத்துவிடப் போகிறாராம் முதலாளி குபானிச். மூன்று பேர். பிஷ்கேக் நகர ஓரத்துச் சேற்றுத் தெருக்களில், என் தெரு உட்பட, சின்ன வீடுகளுக்குப் பாய்லரும் சூடாக்கும் குழாயும் பொருத்துகிறவர்கள்.

"சின்ன வேலையில என்னம்மா மிஞ்சுது? பெரிய வீடுதான் நம்மள வாழ வைக்குது" என்றார். பெரிய வீடு என்றால் அவர் சம்பந்தியின் மூன்று மாடி.

விலை போடுவது நான். பொருள், கூலி, அதன்மேல் அலுவலகச் செலவுக்கு எல்லாருக்கும் ஒரே இருபது சதவீதம். யாருக்காக எவ்வளவு அலைந்தோம் என்பது எங்கேயும் இல்லை.

செப்டம்பர் 20
அதை எழுதினால் என்ன? ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நடை, எத்தனை முறை வரைபடத்தை மாற்றினோம், எவ்வளவு நேரம் சும்மா நின்றோம்.

மிர்லான் சிரித்தார். "டீ குடிக்கிறதையும் எழுதுவியா தங்கச்சி?"

எழுதுவேன்.

செப்டம்பர் 27
சம்பந்தி வீட்டு வாசலில் நம் ஆட்கள் இரண்டு மணி நேரம் மழையில் நின்றார்கள். வீட்டம்மா தூங்குகிறாராம். காவலாளி கதவைத் திறக்கவில்லை.

அக்டோபர் 4
சம்பந்தி வீட்டுக் குளியலறைக் குழாய் மூன்றாம் முறையாக இடம் மாறுகிறது.

அக்டோபர் 8
ஒரு நடைக்கு, ஒரு மாற்றத்துக்கு, சும்மா நின்ற ஒரு மணி நேரத்துக்கு என்று செலவைப் பிரித்துப் போட்டேன். சம்பந்தி வாசலில் மட்டும் பதினான்கு மணி நேரம். பெரிய வீட்டில் நட்டம்.

சின்ன வேலைகளிலும் நட்டம். இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். அளக்க ஒரு நடை, பள்ளம் தோண்ட ஒன்று, பொருத்த ஒன்று — அரை நாள் வேலைக்கு மூன்று நடை. பணக்காரன் மட்டும்தான் மாட்டுவான் என்று நம்பித்தானே ஆரம்பித்தேன்?

அக்டோபர் 9
கணக்குத் தாளின் முன்பக்கம் சின்ன வேலைகள், பின்பக்கம் சம்பந்தி வீடு. முதலாளி முன்பக்கத்தை மட்டும் படித்தார். விலையை ஏற்றச் சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"எம் பொண்ணு அந்த வீட்ல வாழணும்மா."

ச்சே. ஏழைன்னா கணக்கு, சொந்தம்னா மரியாதை. அதுக்கும் தாள் எழுதிக் குடுத்தவ நான்தானே?

அக்டோபர் 13
புது விலையைக் கேட்டு நான்கு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான்காவது, என் எதிர்வீட்டு ஜூரா அக்கா. போர்வையிலேயே குளிர்காலத்தை ஓட்டிக்கொள்கிறாராம். வேலையே வராவிட்டால் மிர்லான் குழு தானாகவே கலையும்.

அக்டோபர் 14
நடைதானே விலையைத் தின்கிறது? எங்கள் தெருவில் ஐந்து வீட்டை ஒரே நாளில் அளந்தால்? பள்ளத்தைத் தெருக்காரர்களே தோண்டினால்? ஒருவர் வீடு கட்டினால் தெருவே கூலியில்லாமல் அஷார் என்ற கூட்டு வேலைக்குக் கூடுகிறதே.

ஜூரா அக்காவிடம் கேட்டேன். "கூடுவாங்கடி. வர்றவங்களுக்குச் சாப்பாடு போடணும், அவ்ளோதான். அதையும் உன் தாள்ல எழுதித் தொலைக்காத."

அக்டோபர் 22
ஐந்து வீடு, மொத்தம் இரண்டே நடை. பழைய விலையைவிடக் குறைவாக வாங்கியும் லாபம். முதலாளி தாளை முழுக்கப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தையும் படித்தார்.

நவம்பர் 3
காலையில் மிர்லான் குழு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அடுத்த தெருவில் ஏழு வீடு.

பதினொரு மணிக்குச் சம்பந்தியின் போன். கூடத்து ரேடியேட்டரை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டுமாம். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவ மாத்தறதுக்கு எவ்ளோ போட்டிருந்த?"