மாப்பிள்ளைக்கு வைத்த நெஞ்சுக்கறி

அக்தாம், அக்டோபர் 2, 1997

அன்பு மகள் ஜாவ்ரேவுக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனியூரில் உன் இருமல் நின்றதா, நான் பின்னி அனுப்பிய ஒட்டகமயிர்க் காலுறை வந்து சேர்ந்ததா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் அண்ணன் சாபித் அடித்த தந்தி கிடைத்திருக்கும். உன் அண்ணி கென்ஜேக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், ஆண்டவனுக்குக் கோடி நன்றி. ஆனால் உறையின் பின்பக்கம் உன் ஒஸ்பான் மாமா வீட்டு முகவரியைப் பார்த்துவிட்டு, அம்மா ஏன் தஸ்குதுக்கில் இல்லாமல் அக்தாமில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்திருப்பாய். ஊர்க்காரர்கள் யாராவது கண், காது, மூக்கு வைத்து எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் உன் அப்பாவை விட்டுப் பிரிந்துவிட்டேன். காகிதத்தில்தான். ஆனாலும் முத்திரை எல்லாம் குத்தியாகிவிட்டது. பதறாமல் முழுக்கப் படி.

எல்லாம் இந்த மாவட்டம் செய்த வேலை. நம் குமித்தோபே மாவட்டத்தைக் கலைக்கப் போகிறார்கள் என்று போன வருஷமே பேச்சு இருந்ததே, இந்த மார்ச்சில் கலைத்தே விட்டார்கள். ஒரே நாளில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், முத்திரைகளைச் சாக்கில் கட்டினார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள், போயே போய்விட்டார்கள். நாற்பது வருஷமாக ஒரு மாவட்டம் இருந்த இடத்தில் இப்போது நாலு நாய் படுத்திருக்கிறது. அது போகட்டும். நம் தஸ்குதுக்கை எந்த மாவட்டத்தில் சேர்ப்பது என்று கேள்வி வந்தது. கால்வாயைத் தாண்டினால் பதினாலு கிலோமீட்டரில் அக்தாம், ரயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, என் பிறந்த வீடும் இருக்கிறது. இன்னொரு பக்கம் போர்ஷாகும், நூற்று முப்பது கிலோமீட்டர், வழியெல்லாம் மணல், காற்று அடித்தால் ரோடு எங்கே என்று ரோடு போட்டவனுக்கே தெரியாது. பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டால்கூட அக்தாம் என்று சொல்லும். ஊரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது, மே மாதம் அந்த விருந்து நடக்கிற வரைக்கும்.

எல்லை பிரிக்கிற கமிட்டிக்காரர்கள் அக்தாமுக்கு வந்தார்கள். உன் மாமா ஆடு வெட்டி விருந்து வைத்தார், சுற்றுவட்டார ஊர்ப் பெரியவர்களை எல்லாம் அழைத்தார், நம் ஊர் சார்பில் உன் அப்பா போனார். நல்ல கோட்டு, புதுத் தொப்பி, பழைய பதக்கம் இரண்டையும் வேறு குத்திக்கொண்டார். பந்தியில் வயதில் மூத்த விருந்தாளி தானே என்பதால் ஆட்டுத்தலை தன் முன்னால்தான் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். தலை கமிட்டித் தலைவனுக்குப் போனது. முப்பத்திரண்டு வயசுப் பையன், தலையை எந்தப் பக்கம் பிடித்து அறுப்பது, காதை யாருக்குக் கொடுப்பது என்றுகூடத் தெரியாமல் திருதிருவென்று முழித்தானாம். அதைக்கூட உன் அப்பா பொறுத்திருப்பார், அதிகாரி என்று விட்டிருப்பார். ஆனால் உன் மாமா தன் கையாலேயே ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். நெஞ்சுக்கறி. நம்மில் நெஞ்சுக்கறி யாருக்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்ன. அதோடு விட்டாரா உன் மாமா, "சாப்பிடுங்க மாப்பிள்ளை, தலை நரைச்சாலும் எங்க வீட்டுக்கு நீங்க மாப்பிள்ளைதானே, இன்னும் கன்னம் சிவக்குதே!" என்று கமிட்டிக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயசு, ஜாவ்ரே. நம் ஊரில் யார் வீட்டு விருந்தென்றாலும் தலை அவருக்குத்தான் போகும். கறியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

நான் என் அண்ணனுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அந்தக் கிண்டல் அங்கே தேவையில்லாதது. ஆனால் வழக்கப்படி அவர் வைத்ததில் தப்பும் இல்லை. பெண் கொடுத்த ஊரில் மாப்பிள்ளைக்கு நூறு வயசானாலும் நெஞ்சுக்கறிதான். உன் அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் அந்த ஆட்டை வளர்த்து வெட்டிக் கொடுத்த மாதிரி. மூன்றாம் நாள் ஊரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினார். "அக்தாம்காரனுக்குக் கீழ நாம போய் உக்காந்தா, நம்ம ஊரையே வீட்டோட மாப்பிள்ளை ஆக்கிடுவானுங்க. போர்ஷாகும் தூரமா இருந்தாலும் மரியாதை தெரிஞ்ச ஊரு" என்று பேசியிருக்கிறார். நம் ஊர்ப் புத்திதான் உனக்குத் தெரியுமே, பெரியவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நாற்பத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டது. உன் அண்ணனும் போட்டான், ரயில்பாதை வேலையிலிருந்து லீவில் வந்தவன் தேநீர்கூடக் குடிக்காமல் போய்ப் போட்டுவிட்டு வந்தான். மண்டூகம். நான் கேட்டதற்கு "அப்பா சொல்லும்போது எப்படிம்மா" என்கிறான். பொண்டாட்டி நான்கு மாதம் என்று அப்போது அவனுக்கே தெரியும். இல்லை, ஐந்து மாதமோ, இப்போது என்ன.

கென்ஜேக்கு முதல் பிள்ளை எப்படிப் போனது என்று உனக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், வலி வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்டில் அவளைக் கூட்டிக்கொண்டு அக்தாம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பதிவு மேசையில் இருந்தவள் அடையாளப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க இப்ப போர்ஷாகும் மாவட்டம்மா, எங்க ஜனத்துக்கே கட்டில் பத்தல, அங்கிருந்து சீட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். சரி என்று போர்ஷாகும் போனேன். லாரியில் பதினோரு மணி நேரம், இரண்டு தடவை இறங்கி மணல் தள்ளினோம், இந்த வயசில் நானும் தள்ளினேன். அங்கே இருக்கிறவன் "எங்ககிட்டயே ஆஸ்பத்திரி இருக்கும்போது வெளி மாவட்டத்துக்கு எதுக்குச் சீட்டு தரணும்?" என்கிறான். அறுவை செய்கிற டாக்டர் எங்கே அப்பா என்று கேட்டால், ஜூனிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாராம், புதுசாக ஒருவர் வருவாராம், எப்போது என்று தெரியாதாம். டாக்டர் வருகிற வரைக்கும் பிள்ளை உள்ளேயே இருக்குமா, அதற்கும் ஒரு சீட்டு எழுதித் தருகிறாயா என்று கத்திவிட்டேன். "கத்தாதீங்க பாட்டி, நீங்களா விரும்பித்தானே எங்ககிட்ட சேர்ந்தீங்க" என்று நாற்பத்தொரு கையெழுத்து உள்ள காகிதத்தை எடுத்துக் காட்டுகிறான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது, சொல். முதல் கையெழுத்து உன் அப்பாவுடையது, பெரிய எழுத்தில், கீழே கோடு வேறு.

திரும்பி வந்து அக்தாம் பதிவு அலுவலகத்தில் நாலு நாள் தவம் கிடந்தேன். கடைசியில் அங்கே ஒரு பெண் மனம் இரங்கி வழி சொன்னாள். கென்ஜேயின் வசிப்புப் பதிவை அக்தாமுக்கு மாற்றினால் ஆஸ்பத்திரி மறுக்க முடியாது. ஆனால் ஒஸ்பான் மாமா வீட்டில் அவளை நேராகப் பதிய முடியாது, ரத்த உறவு இல்லை. நான் கூடப் பிறந்தவள், நான் அந்த வீட்டுக்குப் பதிவை மாற்றிக்கொண்டால் என்னோடு சேர்ந்தவள் என்று அவளையும் சேர்க்கலாம். அதற்கு இரண்டு வழி. குடும்பத் தலைவர் நேரில் வந்து, வீட்டுக்குச் சொந்தக்காரரான உன் மாமா முன்னால் அவர் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டால் குடும்பத்தோடு மாறலாம், காரணமே கேட்க மாட்டார்கள். அவர் வராவிட்டால் நான் மட்டும் மாறலாம், அதற்குக் காரணம் எழுத வேண்டும், படிவத்தில் அச்சடித்திருப்பது மூன்றே காரணம், வேலை, படிப்பு, கணவனைப் பிரிதல். ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு என்ன வேலை, என்ன படிப்பு. மூன்றாவதுக்கும் புருஷன் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். அவர் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள், முப்பத்தெட்டு வருஷமாக வாயால் சொல்லாத பெயரை அங்கே எப்படிச் சொல்வது, அடையாளப் புத்தகத்தை நகர்த்தி விரலால் காட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க ஒரு நாள் வந்தா போதும், அரை மணி நேரம், அண்ணன்கிட்ட பேசக்கூட வேண்டாம், கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடலாம் என்று கெஞ்சினேன். "அவன் வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன்" என்றார். மாப்பிள்ளை முறுக்கை அவருடைய இருபத்தைந்து வயசில் பார்த்திருக்கிறேன், அறுபத்து மூன்றில் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டாவது படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அப்ப இதுல போடுங்க என்றேன். போட மாட்டார் என்று நினைத்துத்தான் வைத்தேன், மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டு தடவை படித்தார். "குழந்தை பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். போட்டுவிட்டு ஊர்த் தண்ணீர் பம்பைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். குழந்தைக்காகத்தானே போட்டார் என்று என் அறிவு சொல்கிறது. என் அண்ணன் வீட்டுப் படியேறுவதைவிட என்னைத் தள்ளி வைப்பது சுலபமாகப் போயிற்றே என்று வயிறு எரிகிறது. இரண்டும் உண்மைதான், எதை வைத்துக்கொண்டு நான் எதை விடுவேன்.

மறுநாளே கென்ஜேயைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அறுவை நடந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம், மணல் ரோட்டில் போயிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். செய்தி போய் நாலாம் நாள் உன் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள் அல்லவா, எல்லோரையும் போல அவரும் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கென்ஜே இரண்டாம் மாடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பத்தடி தள்ளி நின்றேன், உன் மாமாவும் நின்றார். எவ்வளவோ நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "தேயிலையை எங்க வெச்சே?" என்று கேட்டார். முப்பத்தெட்டு வருஷமாக அதே நீல டப்பா, அதே அடுக்கு. மூன்று வாரமாக மனுஷன் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னேன். உன் மாமாவுக்கும் மனசு கேட்கவில்லை, "இருங்க, வீடு அஞ்சு நிமிஷம்தான், வந்து ஒரு வாய் தேநீர் குடிச்சுட்டுப் போங்க" என்று பதமாகத்தான் கூப்பிட்டார், மாப்பிள்ளை என்ற வார்த்தையைக்கூட விழுங்கிக்கொண்டார். இவர் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். கோட்டில் மேல்பொத்தான் இல்லை, நான் இருந்தால் அப்படி வெளியே விட்டிருப்பேனா.

இப்போது நிலைமை இதுதான். கென்ஜேயை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும், அது குழந்தையின் சொந்த வீட்டில், அப்பாவைப் பெற்றவள் கையால் நடக்க வேண்டும். இந்த வீட்டு அத்தை, உன் மாமா மனைவி, "அதுக்கென்ன, இங்கயே ஊத்திடலாம்" என்கிறாள், நல்ல மனசோடுதான் சொல்கிறாள். ஆனால் இங்கே ஊற்றினால் உன் அப்பா செத்தே போவார், ஊரும் அவரைச் சும்மா விடாது. நான் தஸ்குதுக்குக்குத் திரும்ப வேண்டுமென்றால் பதிவைத் திரும்ப மாற்ற வேண்டும், அதற்கு அவர் நேரில் இங்கே வந்து உன் மாமா முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். காகிதம் கிடக்கட்டும், அது இல்லாமலேகூட நான் கழுதைவண்டி பிடித்துப் போய்விடலாம், யார் தடுக்கப் போகிறார்கள். போக மாட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் வந்து கூப்பிடட்டும். அன்றைக்கு என்னைக் கேட்டு இதே வாசலுக்கு வந்தவர்தானே, அப்போது கால் சுட்டதா.

நீ சொன்னால்தான் உன் அப்பா கேட்பார், எப்போதும் அவருக்கு உன்மேல்தான் பாசம் அதிகம். உடனே அவருக்கு எழுது. திட்டி எழுதாதே, அறிவுரையும் எழுதாதே, இரண்டுக்கும் மனுஷர் சிலிர்த்துக்கொள்வார். குழந்தைக்கு அவர் நெற்றி என்று எழுது, பொய்யில்லை, அதே மேடுதான். நாற்பதாம் நாள் இந்த மாதம் முப்பதாம் தேதி என்பதை இரண்டு இடத்தில் எழுது. மண்ணெண்ணெய் டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் எழுது, வீட்டில் தனியாக இருக்கிற மனுஷர்.

நீ அங்கே இரவு வேலையைக் குறைத்துக்கொள், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, உன்னோடு வேலை செய்கிற பையனைப் பற்றிப் போன கடிதத்தில் பாதி எழுதி அடித்திருந்தாயே, அடித்ததற்குக் கீழே இருந்ததை நான் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன், அவன் ஊர் எது, எந்த மாவட்டம் என்று முதலில் கேட்டு எழுது. உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், நல்லவர்கள் உன் எதிரே வரட்டும், ஆண்டவன் உன்னை என் கண் படுகிற தூரத்துக்குச் சீக்கிரம் கொண்டுவரட்டும்.

இன்னொன்று. உன் அப்பா இந்த வாசலில் வந்து நின்றால் நான் ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை, தேநீர் ஆறுகிற வரைக்கும்கூட உட்கார வைக்க மாட்டேன், மூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். இதை மட்டும் அவருக்கு எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
உர்கியா