ரஞ்சினி எந்தப் பக்கம்

மஸ்கெலியா, இலங்கை
11.02.2024

அன்புள்ள தெய்வம்மா மதினிக்கு,

பாக்கியம் எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுதான் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

சரத் தம்பி போனில், "அத்தை, பத்திரமா போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டான். சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். உங்கள் காதுக்கு எட்டும்படி கத்தினால் இந்த லயத்தில் அத்தனை வீட்டுக்கும் கேட்கும். சொல்ல வேண்டியது அப்படிக் கத்திச் சொல்லுகிற விஷயம் இல்லை. அதனால் பேனாவைப் பிடித்துவிட்டேன்.

அங்கே விமானத்தை விட்டு இறங்கி, பாஸ்போட் பார்க்கிற கவுண்டருக்குப் போனேன். அதில் இருந்தவர் சின்ன வயதுக்காரர். பாஸ்போட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"டூரிஸ்ட் விசாவுல வர்றீங்க. ஆனா எப்பப் பாத்தாலும் ஒரே அட்ரஸ். எமரால்டுல அப்படி என்னம்மா பாக்கறீங்க?"

"மதினி வீடு சார். அண்ணன் பெண்சாதி."

"ஊட்டியில பூங்கா பாத்திருக்கீங்களா? படகுல போயிருக்கீங்களா?"

இல்லை என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்தார். தேயிலைக் கொழுந்துக் கறை விரலை விட்டுப் போகிறதா என்ன? "அங்க வேலை செய்யறீங்களா?" என்றார். நாம் எவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறோம் என்று அவருக்கு விளங்கட்டுமே என்று, "வேலை இல்ல சார். சும்மா இருக்க ஏலாது. மதினியோட கூடமாட நின்னு கொழுந்து எடுப்பேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு முடிந்தது. சுற்றிப்பார்க்க வந்தவள் கொழுந்து எடுக்கக் கூடாதாம், மதினி. உங்கள் கால் ஏக்கர் தேயிலையில் எடுத்தாலும் கூடாதாம்.

பக்கத்து வரிசையில் குடுமி வைத்த ஒரு வெள்ளைக்காரர். எத்தனையாவது தடவை வருகிறார் என்று அவருக்கே ஞாபகம் இல்லையாம். சிரித்தபடி முத்திரை குத்தி அனுப்பினார்கள். எனக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். கோபமாகப் பேசவில்லை. "விசா இருந்தாலும் உள்ள விடறதும் விடாததும் எங்க முடிவும்மா" என்றார். அந்தக் கூடத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வந்த விமானத்திலேயே ஏற்றிவிட்டார்கள். உங்களுக்குக் கொண்டுவந்த கருவாடும் மாசி மீனும் என்னோடு திரும்பி வந்துவிட்டன.

இனி எழுதப் போவதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பாலு அண்ணன் கருமாதிக்கு முதல் தடவையாக உங்களிடம் வரப் புறப்பட்டபோது, ரஞ்சினியைப் புதைத்த குழிமேட்டில் நின்று, "வா, அம்மாவப் பாக்கப் போவோம்" என்று சொன்னேன். செத்து இத்தனை வருசமான பிள்ளையிடம் சும்மாதான் சொன்னேன். அவள் வருவாள் என்று நான் என்ன கண்டேன்? உங்கள் வீட்டில் அரிசி டப்பா மூடி தானாகத் திறந்து கிடந்ததும், "பச்சரிசி திங்கற கழுதை வந்துட்டா" என்று நீங்கள் அழுததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இங்கிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். அங்கிருந்து திரும்பும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிள்ளையோடு ஓரிடம் போய்விட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டுக் கிளம்புவதுதானே நம் வழக்கம்.

இந்தத் தடவை திரும்பும்போது கூப்பிடவில்லை, மதினி. பொலிஸ் உடுப்பில் ஒரு பெண்பிள்ளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். விமானம் மேலே ஏறிய பிறகுதான், எப்போதும் அவள் பிடித்துக்கொண்டு வருகிற முந்தானை லேசாக இருந்தது தெரிந்தது. அப்போது கூப்பிட்டு என்ன பயன்? கீழே எல்லாம் கடல்.

பிள்ளை அந்தக் கூடத்தில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
சிவபாக்கியம்


எமரால்டு, நீலகிரி
03.03.2024

சிவபாக்கியத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கருவாட்டை ஞாபகமாகத் திருப்பி எடுத்துப் போயிருக்கிறாய். பிள்ளையை விட்டுவிட்டாய்.

நான் என்ன எழுதுவது? அவள் குளிர் தாங்குவாள், மலையில் பிறந்தவள். கூட்டம் தாங்க மாட்டாள். மாரியம்மன் திருவிழாவில் என் இடுப்பை விட்டு இறங்காதவள். அங்கே பெட்டி தள்ளிக்கொண்டு ஓடுகிற சனத்துக்கு நடுவில் எந்தச் சுவர் ஓரமாக நிற்கிறாளோ. படுத்தால் அதுதான் கண்ணுக்குள் வருகிறது. இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. வனிதா, "ஏனுங்க அத்தை, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மருமகளிடம் எதைச் சொல்ல?

அரிசி டப்பா வைத்தது வைத்தபடி மூடிக் கிடக்கிறது.

உன்னை யார் கொழுந்து எடுக்கச் சொன்னது? எடுத்தாய், சரி. அதைப் போய் அவனிடம் யார் சொல்லச் சொன்னது? முப்பது வருசத்துக்கும் மேலாக நான் அவளை விட்டுப் பிரிந்து இருந்தேன். நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில் இருந்தேன். எப்படியாவது போய் அவளைக் கூட்டி வா. அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

தெய்வம்மா


மஸ்கெலியா
24.03.2024

அன்புள்ள மதினிக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேனா? நீங்கள் திட்டியது சரிதான். கருவாட்டை அன்றைக்கே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஹட்டனில் டிக்கெட் போடுகிற சில்வஸ்டரிடம் போய்க் கேட்டேன். என் விசா கொம்பியூட்டரில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதாம். விமானத்தில் ஏற்றுவார்கள், ஆனால் இறங்கியதும் திருப்பி அனுப்புவார்கள் என்கிறார். "ரெண்டாவது தடவையும் திருப்பினா, அப்புறம் அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க ஏலாது அக்கா" என்றார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நான் இத்தனை தடவை வந்தேன். நீங்கள் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் நாட்டுப் பாஸ்போட்டோடு வருகிறவர்கள் கையை இங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரே லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தோம். குடியுரிமைக் காகிதத்தில் அண்ணனுக்கு இந்தியா என்று எழுதி வந்தது, என் வீட்டுக்காரருக்கு இலங்கை என்று வந்தது. அன்றைக்கு யாரும் நம்மைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. ஆனால் இன்றைக்கு நீங்கள் நினைத்தால் வரலாம், நான் நினைத்தால் முடியாது. அப்படியிருந்தும் பிள்ளையை விட்டவள் நான் என்று ஆகிவிட்டது.

எனக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இந்த ஊரில் ரஞ்சினியைத் தவிர எனக்கு யார்? ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் குழிமேட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது போனால் யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைக்காதீர்கள், மதினி.

பாக்கியம்


எமரால்டு
20.04.2024

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நீ எழுதியது நல்லதுதான். எழுதாமல் விட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். நாங்கள் கப்பலுக்குப் புறப்பட்டபோது சரத் வயிற்றில் இருந்தான். குழிமேட்டுக்குப் போகாதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே, வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். உன் அண்ணனும் சொன்னார். கூப்பிடாமல் வந்துவிட்டேன். ஒன்றுக்காக ஒன்றை விட்டு வந்தவள் எந்த முகத்தோடு அங்கே வந்து நிற்பேன்? பாஸ்போர்ட் வாங்கினால் ஆகிவிடுமா?

போன வாரம் சரத்தைக் கூட்டிக்கொண்டு அந்த ஏர்போர்ட்டுக்குப் போனேன். வண்டி ஓட்டுகிறவன்தானே. தினமும் ஊட்டிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குகிறான், நீ ஏன் வந்தாய் என்று அவன் ஒருத்தரையும் கேட்டதில்லை. "எதுக்கும்மா ஏர்போர்ட்?" என்று சிரித்தான். சும்மா பார்க்கணும் என்றேன்.

உள்ளே விடமாட்டார்கள் அல்லவா. ஆட்கள் வெளியே வருகிற வாசலில், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதவு திறக்கிறபோதெல்லாம் கூப்பிட்டேன். "ரஞ்சினி, வாம்மா, அம்மா வந்திருக்கேன், வா போவோம்." சரத், "யாரைம்மா கூப்படறே?" என்றான். உங்க அக்காளை என்றேன். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. பிறகு, என் பக்கம் பார்க்காமல், "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நாற்பது வயதுக்காரன், பாக்கியம். அவன் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

காவலுக்கு நின்றவர் வந்து, "பாட்டிம்மா, யாருக்கு வெயிட் பண்றீங்க? எல்லா ஃப்ளைட்டும் வந்துடுச்சே" என்றார். வந்துவிட்டோம்.

அவள் வண்டியில் வரவில்லை. வீட்டிலும் இல்லை. நாள் பார்த்து நாள் பார்த்து ஓய்ந்துவிட்டேன். பெற்றவள் கூப்பிட்டும் வரவில்லை. என் குரல் அவளுக்கு மறந்து இத்தனை வருசம் ஆகியிருக்கும். அவளுக்குத் தெரிந்த குரல் உன்னுடையதுதான்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீ போ. திருப்பி அனுப்புவார்கள், அனுப்பட்டும். அந்தக் கூடம் வரைக்கும் உன் கால் போனால் போதும். அவளைக் கூப்பிட்டு உன்னோடு கூட்டிப் போய்விடு. இனிமேல் இங்கே கொண்டு வா என்று கேட்க மாட்டேன். அவள் உன் ஊர்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எங்கேயோ நடுவில் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

என்றைக்கு வருகிறாய் என்று சரத்துக்குச் சொல். அன்றைக்கும் வெளியே வந்து நிற்பேன். கூப்பிட மாட்டேன், சத்தியம். சும்மா நிற்கிறேன்.

உன் மதினி,
தெய்வம்மா


மஸ்கெலியா
02.06.2024

அன்புள்ள மதினிக்கு,

திரும்பி வந்துவிட்டேன். சில்வஸ்டர், "இந்த அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தடவை கவுண்டரில் ஒரு அம்மா. பாஸ்போட்டை வைத்த உடனே கொம்பியூட்டர் என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "உள்ள விடமாட்டோம்னு தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

"போன தடவை ஒரு பிள்ளைய இங்க விட்டுட்டுப் போயிட்டேன் மேடம். கூட்டிட்டுப் போக வந்தேன்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பவும் கொம்பியூட்டரைப் பார்த்தார். "உங்களோட குழந்தை யாரும் வந்ததா இல்லையேம்மா."

"இல்லதான் மேடம்."

அதே நாற்காலிகள் இருக்கிற இடத்துக்கு அனுப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுசி. ஆனால் விடவில்லை.

உட்கார்ந்ததும் முந்தானை கனத்தது, மதினி. கூப்பிடக்கூட இல்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறாள், நாற்காலிக்குப் பக்கத்திலேயே.

நான் கூட்டி வந்திருக்கலாம். நீங்களே சம்மதித்து எழுதிவிட்டீர்கள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்திருப்பாள். இந்த ஊர் மறுபடி எனக்கு ஊராக இருந்திருக்கும். ஆனால் தூரத்தில் அந்த வாசல் கதவு திறந்து திறந்து மூடியது. திறக்கிற நேரம் வெளியே சனம் நிற்பது தெரிந்தது. உங்களைத் தெரியவில்லை. நிற்கிறீர்கள் என்று தெரியும். சத்தியம் பண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதும் தெரியும்.

"ரஞ்சினி, போ. அம்மா வெளியில நிக்கிது. அந்தக் கதவால போ" என்றேன்.

போகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மெதுவாகச் சொன்னேன், அதட்டிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட வந்துவிட்டார்கள். முந்தானையை உதறினேன், மதினி. தூசியை உதறுகிற மாதிரி உதறினேன். பிள்ளையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இங்கே குழிமேட்டுக்குப் போனேன். வெறும் மண்.

வந்துவிட்டாளா? ஒரு வரி எழுதிப் போடுங்கள். சொந்தக்காரரைப் பார்க்க வருகிறேன் என்று வேறு விசாவுக்கு எழுதிக் கேட்கலாமாம், காலதாமதம் ஆனாலும் ஒருவேளை கொடுப்பார்களாம். கொடுத்தால் ஒரு தடவை வருகிறேன். அவளைக் கூப்பிட மாட்டேன். உங்கள் வீட்டில் நாலு நாள் அவளோடு இருந்துவிட்டு மட்டும் வந்துவிடுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாக்கியம்


எமரால்டு
30.06.2024

என் அன்புள்ள பாக்கியத்துக்கு,

வந்துவிட்டாள்.

அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேன். உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சரத் சொன்ன பிறகும் அசையாமல் நின்றேன். அவள் உன்னோடு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு காலையில் வனிதா, "ஏனுங்க அத்தை, அரிசி டப்பாவ யாருங்க தொறந்து வெச்சது? எலி வந்துரும்ங்க" என்று சத்தம் போட்டாள். நான் அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் திறந்து கிடக்கிறது. இந்தக் கெட்ட காதுக்குக்கூட மூடிச் சத்தம் கேட்கிறது.

பெற்றது நான், கொடுத்தது நீ. எனக்காக நீ உதறியதை எந்த ஜென்மத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போது அழுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டுக்குள் இருப்பதில்லை. வாசலுக்குப் போய்விடுகிறாள். பஸ் வந்து நிற்கிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிட்டால் வருகிறாள், உடனே வருவதில்லை. யாரைப் பார்க்கிறாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசாவுக்கு எழுதாதே, பாக்கியம். கொடுத்தாலும் வராதே. கூப்பிட மாட்டேன் என்கிறாய், நம்புகிறேன். நீ கூப்பிடவே வேண்டாம். நீ வந்துவிட்டுப் படி இறங்கினால் போதும், அவள் உன் பின்னால் இறங்கிவிடுவாள். இன்னொரு தடவை அவளை விட எனக்குத் தெம்பு இல்லை.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்தக் கவுண்டர்காரர்கள் உன்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை என் வாசலில் நின்று நானே உன்னைத் திருப்பி அனுப்பும்படி வைத்துவிடாதே.

உன் மதினி,
தெய்வம்மா